சகாயமேரி நிறுத்திய படகு

மாசி, வியாழக்கிழமை

கோபம் இன்னும் அடங்கவில்லை. என்னிடம் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி பெறும் சகாயமேரி, இன்று கட்டுமாவடியில் முதன்முதலாகப் பயணிகளைப் படகில் அழைத்துப் போனாள். கடல்பசு ஒன்று மூச்சுவிட மேலே வந்தது. “பக்கத்துல போங்க!” என்று பயணிகள் கத்தினார்கள். அவள் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

“இன்ஜின் விசிறி வெட்டுனா செத்துப்போயிரும்ங்க. இங்கிட்டிருந்தே பாருங்க.”

கரைக்கு வந்ததும் பயணிகள் புகார் சொல்ல, சுற்றுலாத் துறை அதிகாரி கொதித்தார். “வந்தவங்க மனசு கோணலாமா? தேர்ச்சிப் பட்டியல்ல இவ பேரை அடிச்சிருங்க மேடம்.”

சகாயமேரி என்னைப் பார்த்தாள். ஆறு மாதமாக நான் கற்றுக்கொடுத்ததைத்தானே செய்தாள்? நானோ, “பார்க்கலாம் சார்” என்றேன். பார்க்கலாமாம்! என்ன பிழைப்பு இது?

தேர்ச்சிப் பட்டியலைச் சற்றுமுன் அனுப்பிவிட்டேன். முதல் பெயர் சகாயமேரி. காலையில் அதிகாரி கத்தட்டும்.