‘இது நீங்களா?’ என்று கேட்கும் போன்

பிப்ரவரி 24, செவ்வாய்

காலை 11:17. ஆய்வகத்தில் ஃபயர்வால் பாடம். வகுப்பு முடியும்வரை எல்லாப் போன்களும் பிளாஸ்டிக் தட்டில் இருக்க வேண்டும். என் விதிதான், என் போனும் அதில்தான் கிடந்தது. தட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. “யாரோட போன் அது? அணைச்சுத் தொலைங்க” என்று கத்தினேன். லேப் அசிஸ்டென்ட் எடுத்துப் பார்த்தார். எல்லோரும் ‘கேபிள்’ என்று கூப்பிடும் மனிதர். “சார், உங்களோடதுதான்.”

பதினோரு தவறிய அழைப்புகள். பன்னிரண்டாவதை எடுத்தேன். என் மனைவி வேலை பார்க்கும் கிளினிக்கின் வாசல். சாலையைக் கடந்திருக்கிறாள். லாரி.

போய்விட்டாள் என்றார்கள். எங்கே?

பிப்ரவரி 27, வெள்ளி

எழுத வரவில்லை.

மார்ச் 4, புதன்

அவள் போனை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாக உடைந்திருக்கிறது.

அவளுக்கு டைப் செய்யப் பிடிக்காது. எல்லாவற்றையும் குரலில் பதிவு செய்வாள் — வாங்க வேண்டியவை, மறக்கக் கூடாதவை, என்னைப் பற்றிய புகார்கள். அத்தனையும் கிளவுடில் பத்திரமாக இருக்கும். ஆனால் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. “யார்கிட்டயும் சொல்லாத, என்கிட்டகூட” என்று நான்தானே சொன்னேன்? அத்தை வீட்டில், அவள் அம்மா முன்னாலேயே.

“அம்மாகிட்டகூடவா?”

“அம்மாகிட்டகூட.”

அத்தை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். எரிச்சலா, வருத்தமா? அன்று நான் கவனிக்கவில்லை. தகனம் முடிந்த பிறகு அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 9, திங்கள்

வகுப்புக்குப் போனேன். கிளவுட் அடிப்படைகள். “மேல எங்கயும் இல்லப்பா அது. எங்கயோ ஒரு கட்டடத்துல இன்னொருத்தரோட கம்ப்யூட்டர். கரன்ட், டிஸ்க், காவல் எல்லாம் அவங்க பொறுப்பு. சாவி நம்ம பொறுப்பு.” என் வாய்தான் பேசியது.

வீடு திரும்பும் வழியில், 4:08-க்கு போன் அதிர்ந்தது. அவள் பெயர். அவள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். ‘இது நீங்களா?’ கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை.

அவள் போன் தொலைந்தால் உதவட்டும் என்று என் போனையும் அவள் கணக்கோடு சேர்த்துவைத்தது நான்தான். அவள் போன் செத்துவிட்டதால் கேள்வி என்னிடம் வருகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு நொடி —

இல்லை என்று அழுத்தினேன்.

மார்ச் 11, புதன்

நேற்று 4:15. இன்று 4:11. இரண்டுக்கும் இல்லை.

பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டால்தான் இந்தக் கேள்வியே வரும். அப்படியானால் யாரிடம் இருக்கிறது? ஏதோ ஒரு டேப்லெட், இதே ஊர் என்று மட்டும் காட்டுகிறது. செத்தவளின் கணக்கைத் திருடுகிறார்களா? என்ன கிடைக்கும், சோப்பு வாங்கணும் என்பதா? நான் பாடத்தில் சொல்லித்தருவதைத்தான் செய்கிறேன். சந்தேகம் வந்தால் மறுத்துவிடு.

மார்ச் 13, வெள்ளி

கேபிளிடம் சொன்னேன். “என்ன சார் திருடன் இவன், தினம் நாலு மணிக்கு டாண்ணு வர்றான்? அட்டெண்டன்ஸ் போடறானா?” சிரித்துவிட்டேன். பதினேழு நாளில் முதல் சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கேள்வி வரவில்லை. ஐந்து மணிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருடன் வரவில்லை என்றால் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது? பைத்தியம் பிடிக்குதா எனக்கு?

மார்ச் 16, திங்கள்

4:09. இல்லை.

இந்த முறை சிவப்பில் ஓர் எச்சரிக்கை. இன்னும் ஒரு முறை மறுத்தால் கணக்கு பூட்டப்படும். திறக்க அவள் போன் வேண்டும், இல்லாவிட்டால் அவள் முகம் வேண்டும்.

ரெண்டுக்கும் நான் எங்கடி போவேன்?

மறுத்தால் அவள் குரல் நிரந்தரமாகப் போய்விடும். ஆம் என்றால் யாரோ முகம் தெரியாதவன் கையில். நாளை நான்கு மணிக்கு என்ன செய்வேன்?

மார்ச் 17, செவ்வாய்

இன்று இரட்டைச் சரிபார்ப்புப் பாடம். தெரிந்த ஒன்று, கையில் இருக்கும் ஒன்று — பாஸ்வேர்டும் போனும். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். முதல் பெஞ்ச் பெண் கை தூக்கினாள்.

“சார், தெரிஞ்சது ஒருத்தர்கிட்டயும், கையில இருக்கறது இன்னொருத்தர்கிட்டயும் இருந்தா?”

“அப்ப ரெண்டு பேரும் பேசிக்கணும்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

கேள்வி வராத நாள், ஞாயிறு. மற்ற நாளெல்லாம் கிளினிக் முடிந்து நடந்து வரும்போது, நான்கு மணிக்கு மேல், அவள் தன் அம்மாவுக்கு போன் செய்வாள். ஞாயிறு மட்டும் செய்ய மாட்டாள். அன்று நாங்கள் நேரிலேயே போய்விடுவோம்.

பாதியில் வகுப்பைக் கேபிளிடம் விட்டுவிட்டு ஓடினேன். அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கையில் போன் அதிர்ந்தது. ‘இது நீங்களா?’ எதையும் அழுத்தாமல் உள்ளே போனேன்.

சாப்பாட்டு மேசையில் டேப்லெட், மூக்குக்கண்ணாடி, நான்காக மடித்த ஒரு காகிதம். என்னைக் கண்டதும் அத்தை காகிதத்தை முந்தானைக்குள் மறைத்தார்.

“திட்டாதீங்க மாப்பிள்ளை. நீங்க சொன்ன அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டா. ‘அவருகிட்ட சொல்லிடாதம்மா, லெக்சர் எடுப்பாரு’ன்னா. அவ குரலை ஒரு தரம் கேக்கலாம்னுதான்… தினமும் பாத்துப் பாத்துப் போடறேன், உள்ள விட மாட்டேங்குது. கண்ணு போயிடுச்சு போல.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு அத்தை. நான்தான் விடலை.”

அவருக்குப் புரியவில்லை. போனைக் காட்டினேன். கேள்விக்கு நேரம் கடந்து, அதுவாகவே மறைந்திருந்தது. “இன்னொரு தரம் போடுங்க.” அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தொட, நான் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “அட, பாருங்க மாப்பிள்ளை, இனி என்ன ரகசியம்?” என்றார். அப்போதும் திரும்ப முடியவில்லை.

போன் அதிர்ந்தது. ஆம் என்று அழுத்தினேன்.

முதலில் இருந்த பதிவு, பிப்ரவரி 23. பின்னால் ஹாரன் சத்தம், அவளுடைய அவசர மூச்சு.

“பல்பு ரெண்டு. சோப்பு. அம்மாவுக்குக் கண்ணு மருந்து. அவருக்கு… அவருக்கு என்ன, எதைக் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லுவாரு.”

அத்தை சிரித்தார், பிறகு அழுதார். நானும். “இன்னொரு தரம் போடுங்க” என்றார். போட்டேன். டேப்லெட்டில் ‘இந்தக் கருவியில் இனிக் கேட்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தேன்.

மேசையில் என் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. கல்லூரியோ, கேபிளோ, பார்க்கவில்லை.

அணைத்துவிட்டேன்.