உள்ளே போட்ட நாற்காலி

சார்,

நேற்று நன்னிலம் பஸ்ஸில் போகும்போது ஊறல் நெல் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்தது. கழகம் ஆட்சிக்கு வந்த மறு வருஷம், கூலித் தகராறில் வயல் வரப்பிலெல்லாம் போலீஸ் நின்ற அந்த வருஷம், அப்படியே முன்னால் வந்து நின்றது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

நம் அரிசி ஆலையில் நீங்கள் லேபர் ஆபீசர். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது உங்கள் வேலை. ஆனால் முதலாளிகள் கூடிப் பேசும்போது உங்களுக்குக் கதவுக்கு வெளியே பெஞ்சுதான். "மிஷின்காரனைக் கேப்பாங்க, ஆள்காரனைக் கேக்க மாட்டாங்க" என்று நீங்களே சிரிப்பீர்கள்.

தை அறுவடைக்கு ஆலை ஆட்கள் வயலுக்குப் போவது வழக்கம். அந்தக் கூலி நெல்லில்தான் வீட்டில் உலை கொதிக்கும். அந்தத் தை மாதம், போகிறவனுக்கு வேலை இல்லை என்று உங்களைக் கேட்காமலே முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். போகாமல் இருப்போமா? தொட்டியில் ஊறிய நெல்லை அள்ளி அவிக்க ஆளில்லை. புளித்து, நாற்றம் கடைத்தெரு வரைக்கும் போனது. அதன் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டு உள்ளே நாற்காலி போட்டார்கள்.

நாங்கள் வாசலில் நின்றோம். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள் செல்லம்மா. "நம்மாளு உள்ள போயிட்டாரு. காபியைக் குடிச்சிட்டு நம்மள மறந்துடப் போறாரு" என்று கேலி பண்ணினாள்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். "எல்லாரையும் திரும்ப எடுத்துக்கறாங்க. இனிமே தை லீவும் உண்டு."

ஆண்கள் கூச்சல் போட்டோம். செல்லம்மா மட்டும், "எங்களுக்கு?" என்றாள்.

"நெல்லு காய வைக்க டிரையர் மிஷின் வருதும்மா. களத்து வேலை இருக்காது."

"அதுக்கு நீங்க சரின்னு சொன்னீங்களா சார், இல்ல சும்மா உக்காந்திருந்தீங்களா?"

நீங்கள் திரும்பி உள்ளே போய்விட்டீர்கள்.

பிறகு உங்களைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்கவில்லை. நான் கடைசிவரை அந்த வேலையில்தான் சாப்பிட்டேன். பெண்கள் கூலி தேடி முத்துப்பேட்டை வரைக்கும் போனார்கள். ஒருநாள் டீக்கடையில், செல்லம்மா கேட்டதையே நானும் கேட்டேன். "உள்ள இருந்தாத்தான்யா அடுத்த தடவை ஏதாவது பேச முடியும்" என்றீர்கள். அவர்களுக்கு அடுத்த தடவை வரவில்லை. நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

முதலாளிகள் போனார்கள். என்னோடு தொட்டியில் இறங்கியவர்கள் போனார்கள். போன மாதம் நீங்களும் கண்ணை மூடினீர்கள். செல்லம்மாவிடம் போய்ச் சொன்னேன். "பதில் சொல்லாமலே போயிட்டாரா?" என்றாள். அன்று வாசலில் நின்றவர்களில், என்னை விட்டால் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.