ஒரே காலில் இரண்டு எழுத்து

மார்ச் 3

முதுகுவலி. வெயில். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே. திட்டுகிற வார்த்தையை எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்படியானால் இன்றைக்கு எழுத என்ன மிஞ்சும்?

இப்போது மகன் பார்த்துக்கொள்கிற எங்கள் கேட் பட்டறைக்குப் போனேன். மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் — தகரத் தகடுகளில் எங்கள் முத்திரை, குவியல் குவியலாக.

"என்னடா இது?"

"பிராண்டுப்பா," என்கிறான் என் மகன். "ரெடிமேட் கேட் வாங்கி, இதை ஒட்டி வித்துக்கிட்டிருக்கேன். உங்க மார்க்கைப் பாத்தா யாரும் கேள்வியே கேக்கறதில்ல."

ஏன் கேட்பதில்லை என்று இவனுக்குத் தெரியுமா? கேட்டை மாட்டியதும் அதன் முனையில் ஏறி நின்று ஆடுவேன், குரங்கு மாதிரி. தொங்கவில்லை, முனகவில்லை என்றால்தான் கீழ்க் கீலுக்குப் பின்னால் முத்திரை அச்சை வைத்து ஒரே அடி. யார் கண்ணுக்கும் தெரியாத இடம். அழகுக்கா அடித்தேன்? இது விழுந்தால் என்னை வந்து கேள் என்று அடித்தேன்.

மார்ச் 4

அவனோடு சாப்பிட உட்காரவில்லை.

மார்ச் 9

கோபம் இறங்கவில்லை. பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

வசதியானவர்கள் கேட் நடுவில் தங்கள் பெயரெழுத்துகளைப் பின்னித் தரச் சொல்வார்கள். ராஜாக்கள் காசில் அப்படித்தான் தங்கள் எழுத்தைப் பொறித்தார்களாம், படிக்கத் தெரியாதவனும் வடிவத்தை வைத்தே கண்டுகொள்வானாம் என்பார் நான் தொழில் கற்ற முதலாளி. நானும் அந்த ஜாதிதானே. ஒரு டாக்டர் தலையணை உறையைக் கொண்டுவந்தார். மூலையில் அவர் எழுத்தும் மனைவி எழுத்தும் கொடிபோலப் பின்னித் தைத்திருந்தது. பார்த்தபடி கம்பியை வளைத்தேன். சில வருஷம் கழித்து வந்து, "அவ எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துடு" என்றார். வெட்டினால் உங்களுடையதும் விழுந்துவிடும் என்றேன். கேட்டையே கழற்றிப் போட்டார்.

எங்கள் முத்திரையும் அப்படிப் பின்னியதுதான். கல்யாணமான புதிதில் இவள் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தது. என் எழுத்து, இவள் எழுத்து, இரண்டுக்கும் ஒரே கால்.

மார்ச் 17

தையல்கார அம்மா வீட்டு கேட் விழுந்துவிட்டது. அவள் காலின் மேல். மிஷின் மிதிக்கிற கால் — எலும்பு முறிவு. ஓடினேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை. கட்டிலில் கிடந்தபடி மெதுவாகச் சொன்னாள். "உங்க மார்க் இருக்கேன்னுதான் வாங்கினேன், பெரியவரே."

கீல் தொட்டதும் கையோடு வந்தது. தகடு மட்டும் ஜோராக ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 18

"ஒண்ணு கழண்டுச்சுன்னா கடையையே மூடணுமா?"

"உன் எழுத்தைப் போட்டு வித்துத் தொலையேன்டா!"

"என் எழுத்தை யாருக்குப்பா தெரியும்?"

அதற்கு நான் சொன்னதை இவள் எழுத மறுக்கிறாள்.

மார்ச் 19

விற்ற கேட் ஒவ்வொன்றிலும் தகட்டை அறுத்துவிடுவது என்று கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இவள் வாசலில் மறித்தாள்.

"அதுல பாதி என்னோடது. என்னைக் கேட்டீங்களா?"

கிரைண்டரைக் கீழே வைத்தேன். மகன் பக்கம் திரும்பினாள்.

"நீயும்தான் கேக்கல. எழுத்துக்கு உரியவங்க ரெண்டு பேரும் உயிரோடதான்டா இருக்கோம். எங்கெங்க ஒட்டினியோ அங்கெல்லாம் போய் நீயே கழட்டு. கேட்டையும் சரிபண்ணிக் குடு. அப்புறம் வந்து சோறு கேளு."

இவளுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. எழுது, எழுது, நீ சொன்னதுதானே.

மார்ச் 26

ஒரு வீட்டில் அவன்மேல் நாயை ஏவிவிட்டார்களாம். நல்ல நாய்.

ஏப்ரல் 21

தையல்கார அம்மா வீட்டில் மகன் புது கேட் மாட்டியிருக்கிறான். நான் போனபோது அவன் இல்லை. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில உங்க பையன் இதுல ஏறி நின்னு ஆடினாரு பெரியவரே. தெருவே சிரிச்சுது."

நானும் ஏறி ஆடினேன். முனகவில்லை. இறங்கி, கீழ்க் கீலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினேன். எங்களுடையது இல்லை. அவன் எழுத்து. ஒற்றையாக, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. புது அச்சு, விளிம்பு விரலைக் கீறிவிட்டது.

ராத்திரி அவனோடு சாப்பிட உட்கார்ந்தேன். சாய்வாக அடித்ததற்குத் திட்டினேன்.