நீ பார்க்காமல் விட்ட ஆட்டம்

அக்கா,

காலையில் கூடம் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தேன், பல முகம் வைத்த ஒரு பகடை, முகத்துக்கு ஓர் எண். பேத்தியுடையது. ஞாயிற்றுக்கிழமையானால் மணலி புதுநகரில் எங்கள் வீட்டுக்கு அவள் சிநேகிதிகள் வந்துவிடுவார்கள். அவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள, இவள் கதையை நடத்துவாள். காலேஜ் படிக்கிற பெண்கள் எல்லாம் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைப் பார்க்கப் பெருமை தாங்காது. நேற்று என்னிடம் வந்து, அடுத்த கதைக்குப் பங்களாதேஷ் சண்டை நேரத்து மெட்ராஸை எடுத்திருக்கிறோம், விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார்களாமே, எப்படி இருந்தது ஆயா என்று கேட்டாள். நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது இந்தப் பகடையை உருட்டவும் துணிவில்லை, கீழே வைக்கவும் மனமில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அவர்கள் இதைப் புதுசு என்று நினைக்கிறார்கள். ராயபுரத்தில் நாம் ஒரே முற்றத்தில் குடியிருந்தபோது நீ நடத்தியது வேறென்ன? ஒரு பக்கம் தேய்த்த ஐந்து புளியங்கொட்டை. வெள்ளை அதிகம் விழுந்தால் நினைத்தது நடக்கும், கறுப்பு அதிகம் விழுந்தால் நடக்காது. மத்தியான வேலை ஓய்ந்ததும் எல்லோரும் உட்காருவோம். எந்தக் காலம் என்பதுதான் முதல் சண்டை. எனக்கு எப்போதும் ராஜா காலம். "அல்லாரும் ராணியாயிட்டா தண்ணி யாருமே புடிக்கறது?" என்பாய். குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, அடுப்பில் என்ன வெந்தது என்று தெரியாத காலத்துக்குள் போகாதே என்பது உன் கணக்கு. சோழர் காலத்தில் பக்கத்து வீட்டு ரோசி மீன் குழம்பு வைத்தபோது, அப்போது ஏது மிளகாய், மிளகைப் போடு என்றாய். மிளகாய் இல்லாத காலத்தில் எனக்கு என்ன வேலை என்று அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் அவளுக்காகவே கும்பினிக்காரன் காலத்துக்கு வந்தோம்.

ஒன்றை மட்டும் நீ விட்டுக்கொடுத்ததில்லை. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரே காலி செய்துகொண்டு ஓடினதை ஆடலாம் என்று ரோசி ஒரு தடவை கேட்டாள். அதில் ஓடின உன் அம்மா, நாம் ஆடுகிற அந்தச் சமயம் காலடிப்பேட்டையில் நல்லபடியாக இருந்தார்கள். "நம்ம ஜனம் உசுரோட கீற காலத்த ஆடக் கூடாதுமே. கதைன்னு கொட்டைக்குத் தெரியாது" என்றாய். நான் சிரித்தேன்.

பிறகு அந்தச் சண்டை வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கடலுக்கடியில் எதிரிக் கப்பல் கிடக்கிறது என்று மீன் வாங்கப் போன இடமெல்லாம் பேச்சு. உன் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் வேலை. போனவர் வரவில்லை, சேதியும் இல்லை. துறைமுக வாசலில் போய்க் கேட்டால் போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார். நீ அழவில்லை. ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாய்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் ஊர் இருண்டது. உன் அறையில் நீ, உன் மகள், ரோசி, மடியில் கைக்குழந்தையோடு நான். என் முகம் எனக்கே இல்லாத மாதிரி இருட்டு. உன் மகளுக்குப் பயம் தெரியக்கூடாதே என்று ரோசி மெதுவாக, ராஜா காலம் ஆடலாமா என்றாள். வேண்டாம், அதில் கப்பல் வரும் என்றாய். கும்பினி காலம்? அதிலும் கப்பல்தான். எந்தக் காலத்தைச் சொன்னாலும் யாரோ கடலுக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் உன் மகள் சொன்னாள்:

"அப்ப இன்னிக்கே ஆடலாம்மா. நான்தான் அப்பா. போட்டுலேந்து வூட்டுக்கு வரேன்."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். நீ வாயைத் திறக்குமுன் அவள் கொட்டைகளை வீசிவிட்டாள். அவை தரையில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் உன் கை போய் அவற்றின் மேல் விழுந்தது.

"கைய எடும்மா. நான் வந்தனா இல்லியா?"

அவள் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். நீ அசையவில்லை.

"வந்துகினு கீறே. இன்னும் வழியிலதான் கீறே" என்றாய்.

உன் குரல் சரியாக இருந்தது. ஆனால் கைக்கடியில் கொட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளைக்கும் கேட்டுவிடுமோ என்று உன் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். அக்கா, அப்படி நான் பிறகு எதற்கும் பயந்ததில்லை, பிரசவத்துக்குக்கூட. அவள் அப்படியே தூங்கிப்போனாள். இருட்டானால் என்ன, தேய்த்த பக்கம் எது என்று விரலுக்குத் தெரியுமே. அதனால் நீ கையை நகர்த்திக்கொண்டே விரல் படாமல் ஒரு கந்தைத் துணியால் மூடி, துணியோடு அள்ளி முடிந்தாய்.

அவர் மறுநாள் காலையில் வந்தார். யாரையும் கரைக்கு விடாமல் படகிலேயே நிறுத்தி வைத்திருந்தார்களாம். வூடுன்னு ஒண்ணு கீறது ஞாபகம் வந்துச்சா என்று கேட்டபடி அவருக்குச் சோறு போட்டாய். அன்றைக்கே அந்த முடிச்சை அவிழ்க்காமல் அடுப்பில் போட்டாய். கொட்டைகள் பட்பட்டென்று வெடித்தன. என்ன விழுந்தது என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாமே என்றேன்.

"பாத்துட்டன்னு வெச்சிக்க, அப்பால அவுரு வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் போட்டுப் பாக்கணும்மே. என்னால முடியாது."

அதன்பிறகு நீ எந்தக் காலத்தையும் ஆடவில்லை. அவர் வயதாகி, படுக்கையில் உன் பக்கத்திலேயே போனார். நீயும் போய்விட்டாய்.

அன்று மடியில் இருந்த என் மகனுக்கு இப்போது எண்ணூரில் கப்பல் வேலை. சில சாயங்காலம் போனை எடுக்கமாட்டான். மருமகள் திரும்பத் திரும்ப எண்ணை அழுத்திக்கொண்டிருப்பாள். என் வலது கை தானாகப் போய்ப் பாயில் அழுந்திக்கொள்ளும். அடியில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. வந்துகொண்டிருக்கிறான், வழியில்தான் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு, அவன் குரல் கேட்கும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.