ஒரு விரற்கடை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். மலைமேல் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். அதனால் கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

உங்கள் தம்பி முந்தாநாள் காலை முகாம் வண்டியோடு வந்து சேர்ந்தான். ஆறு மாத டிரைவர் வேலையில் ஆள் பாதியாக இளைத்துவிட்டான், வாய் மட்டும் இளைக்கவில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டையும் படித்தேன். நாலு சக்கர ஓட்டத்துக்கான சின்ன லிவர் இறுகிவிட்டது, கிரீஸ் போட்டு மறுநாளே அனுப்பு, கீழே எதையும் கழற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். பட்டறைக்காரியிடம் கழற்றாதே என்பது கோழியிடம் கிளறாதே என்பது மாதிரி.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள். பட்டறைக் கூரை வெல்டிங் மூலையில் ஒழுகுகிறது, இப்போதைக்கு வாளி வைத்திருக்கிறேன். பாட்டுக்கார டிரைவரின் மனைவி, நம் எதிர்வீட்டு அக்கா, இப்போதெல்லாம் காலையிலேயே தையல் துணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுகிறார். பாட்டுக்காரர் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை, சுத்தியல் சத்தமாவது கேட்கட்டும் என்கிறார். வண்டி வந்து நின்றபோது அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் உயிரைக் குடித்த அந்த வண்டிதானே.

லிவரைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் நீங்கள் சொன்னபடியே கிரீஸ் போட்டேன், அப்படியும் முழுக்கப் போகவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இறுகியிருக்குமோ என்று முற்றத்தில் நேராகப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன், தளரவில்லை. பிறகு கீழே படுத்து, லிவரிலிருந்து, நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டிக்குப் போகும் கம்பியைக் கழற்றினேன். ஆமாம், கழற்றினேன். பெட்டியின் முனையை வெறும் கையால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி போகிறது. ஹை, நியூட்ரல், லோ என்று ஒவ்வொன்றாக விழுகிறது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கம்பியைத் திரும்ப மாட்டினால்தான் வம்பு. லோவில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே லிவர் தரை ஓட்டையின் விளிம்பில் இடித்து நின்றுவிடுகிறது. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு லோவில் போட்டுவிட்டதாகத்தான் தோன்றும். கீழே பெட்டி நியூட்ரலில் கிடக்கும், எந்த கியரில் விட்டாலும் சக்கரத்தைப் பிடிக்காது.

அக்கா ஊசியை நிறுத்திவிட்டு, அந்த லிவரா என்று கேட்டார். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் அவரும் இதைத்தான் சொன்னாராம். சின்ன லிவரு கடைசி வரைக்கும் போக மாட்டேங்குது, மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், பாத்துக்கலாம்னுட்டாரு என்றாராம். சொல்லிவிட்டு அக்கா நூலைக் கோத்துக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது ஒரு பழைய பேச்சு, அவ்வளவுதான். முகாமில் மேஸ்திரி நீங்கள்தானே.

நான் லிவரை லோ பக்கம் அது இடித்து நிற்கும் வரை இழுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு இறங்கினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வண்டி போனது. அவ்வளவு பெரிய வண்டி ஒரு பொம்பளை தள்ளியதற்குப் போனது. உங்கள் தம்பி கைதட்டிச் சிரித்தான். நான் ஓடி ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

ஹேண்ட் பிரேக்கை நம்பாதே, லோவில் போட்டு முதல் கியரில் விட்டுவிட்டு இறங்கு என்பது முகாமில் நீங்கள் போட்ட சட்டம். பாட்டுக்காரர் அதை மீறவில்லை. லோவில் போட்டுவிட்டதாக நினைத்துத்தான் சரிவில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பின்னால் போயிருக்கிறார், வண்டி உருண்டு அவர்மேல் ஏறிவிட்டது. நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, நியூட்ரலில் இருந்தது, டிரைவர் மறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அக்கா ஆறு மாதமாகச் செத்த மனிதரிடம் கோபமாக இருக்கிறார். இவ்வளவு மறதிக்காரரை நம்பி வாழ்ந்தேனே என்று என் மடியில் படுத்து அழுதிருக்கிறார். நானும் ஆமாம் போட்டேன்.

அந்தக் கம்பியைத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டு. வெல்டிங் முடிகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு சின்னச் சுழி. நம் பட்டறைக் கதவிலும் பாப்பாவின் தொட்டில் காலிலும் அதே சுழிதான். உங்கள் கையெழுத்தையாவது ஒருவன் போட்டுவிடலாம், அந்தச் சுழியை யாராலும் போட முடியாது. ஒட்டின்மேல் ஒரு வருடத் துரு இருக்கிறது. அலமாரியில் கிடந்த, இதே ரக வண்டியின் பழைய கம்பியோடு வைத்து அளந்தேன். ஒரு விரற்கடை நீளம் அதிகம், அதுதான் லிவரை முன்னாலேயே இடிக்க வைக்கிறது.

அவசரத்தில் ஒட்டியிருப்பீர்கள், மலைமேல் அளவு பார்க்க ஏது வசதி என்று ராத்திரியெல்லாம் உங்களுக்காக நானே வாதாடினேன். கை தவறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் கழற்ற வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள்? எல்லாம் தெரிந்தும் அதே வண்டியில் உங்கள் தம்பியை உட்கார வைத்தீர்களா? இறங்கும்போதெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைக்கிறான் என்று அவனைப் பயந்தாங்கொள்ளி என்பீர்களாமே. அந்தப் பயம்தான் அவனை இதுவரை காப்பாற்றியிருக்கிறது.

அவனிடம் பாகம் வர நாளாகும் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் கொன்னுடுவாரு அண்ணி என்கிறான். அந்த வார்த்தையைக் கேட்கவே முடியவில்லை. வண்டியின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. கம்பியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டேன். யாரிடமும் இதுவரை வாய் திறக்கவில்லை. இன்று மதியம் நடந்து மேலே ஏறும் சர்வேயரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பேன். அதற்குமேல் நானே கம்பியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவேன்.

அதற்கு முன்னால் நீங்கள் வந்துவிடுங்கள். பதில் கடிதம் வேண்டாம், ஆள்தான் வேண்டும். வேறு வண்டி எதிலும் ஏறாமல் நடந்தே இறங்குங்கள். சரிவில் காலைப் பார்த்து வையுங்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. தெருவுக்குள் நுழைந்ததும் பாப்பா ஓடி வருவாள், பல்லைப் பார்த்துவிடுங்கள். பிறகு நம் வீட்டுக்கு வராதீர்கள். முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் உள்ளே அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இன்னமும்
உங்கள் மனைவி