தேயாத அலக்குக்கல்

சிஸ்டர்,

இன்றைய பேப்பரில் மாநகராட்சியின் அறிவிப்பு வந்திருக்கிறது. அடுத்த சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். எடுக்கப்போகும் நிலங்களையும் கட்டடங்களையும் மதிப்பிட, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பிக்கலாமாம். என் மனைவி அதைக் கத்தரித்து மேசைமேல் வைத்திருந்தாள். சாயா ஆறுவதற்குள் விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உங்களை அடக்கம் செய்த வாரத்தில் இந்த வேலையே வேண்டாம் என்று நினைத்தவன்தான் நான். விட முடியவில்லை. ஆனால் ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் உங்கள் வீடு இருந்த சாலையின் பெயரை எழுதியபோது கை நின்றுபோனது. அதற்குப் பிறகு இன்று வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் கேட்டை நான் முதலில் தட்டியது ஓர் ஆவணி மாதத்துக் காலையில். அதற்கு முந்தின வாரமே மாநகராட்சி ஆட்கள் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உங்கள் நிலத்தில் பன்னிரண்டு அடி சாலைக்குப் போகிறது. வீடு தப்பித்தது. காம்பவுண்டுச் சுவர், கேட், இரண்டு தென்னை, ஒரு சப்போட்டா, இவையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அவற்றைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வயதும் தேய்மானமும் எழுதி, மதிப்புச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அன்று காலையில் பக்கத்து வீட்டில் என்னை உள்ளேயே விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார். நீங்கள் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுத் தந்தீர்கள். டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள்.

“வழுக்காமப் பிடியுங்க சிஸ்டர்” என்றேன்.

“பெறந்த ஈரம் காயாத பிள்ளைகள முப்பத்திரெண்டு வருசம் பிடிச்ச கையாக்கும். இந்த டேப்பா வழுக்கும்?” என்று சிரித்தீர்கள். மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

சுவரின் மூலையில், குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவே ஒரு கருங்கல் பலகை கிடந்தது.

“இது என்னது?”

“அலக்குக்கல்லு. துணி தொவைக்கியது.”

“கிணறு அந்தப் பக்கம் கெடக்கு. கல்லு இங்க கெடக்கு?”

“எனக்க அம்மை போட்டது. அதெல்லாம் எழுதாண்டாம் மக்கா. விட்டுரு.”

“ரோட்டுக்குப் போற எடத்துல உள்ளது எல்லாத்தையும் எழுதணும் சிஸ்டர். இல்லன்னா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.”

எழுதினேன். துணி துவைக்கும் கல், ஒன்று. இருபது வருடமாகத் தேய்மானம் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. படிக்கட்டின் நடுவில் விழுந்திருக்கும் குழியைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்லிவிடுவேன். துணி அடித்த கல் நடுவில் வழவழத்துப்போயிருக்கும். அந்தக் கல்லிலோ கொத்தனாரின் உளித்தடம்கூட அழியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. ‘தேய்மானம் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து நீங்கள் பஸ் ஏறி வடசேரிக்கு வந்தீர்கள். என் அலுவலகம் மாடியில். மூச்சு வாங்க ஏறி வந்து, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, நேராகக் கேட்டீர்கள்.

“மக்கா, எனக்க வீட்டு முன்ன எவ்வளவு ஆழம் தோண்டுவாங்க?”

“அங்க மழத்தண்ணி ஓடை வருது சிஸ்டர். ஆறடி போவும்.”

“மூலையிலயுமா?”

“மூலையிலதான் ஓடையே திரும்புது.”

கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். “அந்தக் கல்லு அங்கயே கெடந்தா?” என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். “அலக்குக்கல்லுக்கா இவ்வளவு தூரம் வந்திய? புதுக் கல்லு ஒண்ணு நானே கொண்டுவந்து போட்டுத் தாரேன், போருமா?” என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். என் மனம் நோகக் கூடாது என்றுதான் சிரித்திருப்பீர்கள். படியிறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனீர்கள்.

கார்த்திகை மழையில் போன் வந்தது. “பேப்பரு ஒண்ணும் கொண்டு வராண்டாம். நீ மட்டும் வா.”

வந்தேன். மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாக அந்த மூலை தெரியும்படி எனக்கு நாற்காலி போட்டிருந்தீர்கள். சொல்ல ஆரம்பித்த பிறகு நீங்கள் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

“மக்கா, அது அலக்குக்கல்லு இல்ல. அதுக்கு அடியில எனக்க பிள்ள கெடக்கா.”

நான் ஜன்னல் வழியாக அந்த மூலையைப் பார்த்தேன்.

“நாலு நாளு இருந்தா. மூச்செடுக்கக் கஷ்டப்பட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஊரு அறியும்னு அம்மை விடல்ல. எனக்குக் கல்யாணம் ஆவல்ல பாத்தியா. அம்மைதான் குழி எடுத்தா. நாயி தோண்டாண்டாம்னு கல்லத் தூக்கிப் போட்டா. கேக்கியவங்ககிட்ட அலக்குக்கல்லுன்னு சொல்லுன்னா. நாப்பத்தி நாலு வருசமா அப்பிடித்தான் சொல்லுதேன். ஆனா அதுல ஒரு துணி நான் அடிச்சதில்ல மக்கா. ஒரு வாளி வச்சதில்ல.”

அதற்குப் பிறகுதான் நர்சிங் படிக்கப் போனீர்களாம். மூச்சுத் திணறுகிற பிள்ளை எது பிறந்தாலும் டாக்டர் வருவதற்கு முன்னால் நீங்கள் போய் நிற்பீர்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. பிள்ளையின் அப்பா யார் என்று நான் கேட்கவில்லை. “நீ கேக்க மாட்டன்னு தெரியும். அதுக்காவத்தான் ஒன்ட்டச் சொன்னேன்” என்றீர்கள்.

“ஓடையக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லட்டா?”

“என்ன காரணம் சொல்லுவ?”

“காரணம் சொல்லாமக் கேட்டுப் பாக்கேன்.”

“காரணம் கேக்காம எவனும் கோட்ட மாத்த மாட்டான். சொன்னா, செத்துப்போன அம்மைக்குமில்லா பேரு கெடும்.”

“அப்பம் இன்னைக்கே எடுத்திருவோமா? நானும் கூட நிக்கேன்.”

“வேண்டாம் மக்கா. அந்தக் கல்லு இதுவரைக்கும் அனங்கினதில்ல. கெடக்கிய வரைக்கும் கெடக்கட்டும். மெஷின் வாறதுக்கு ஒரு நாளு முன்ன மட்டும் சொல்லு. நான் எடுத்துக்கிடுதேன்.”

சொல்கிறேன் என்றேன். உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

சாலை வேலையின் சூப்பர்வைசர் எனக்குத் தெரிந்தவர். காரணம் சொல்லாமல், உங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தேன். அவர் வாக்குத் தவறவில்லை. வியாழக்கிழமை மாலை கூப்பிட்டு, சனிக்கிழமை காலையில் மெஷின் வரும் என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு அருமனையில் ஒரு ரப்பர் தோட்டம் அளக்க வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன் இரண்டு முறை உங்களைக் கூப்பிடப் போனை எடுத்தேன். இது போனில் சொல்கிற விஷயமா, மாலையில் நேரில் போய்ச் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வடசேரி வரும்போது ஏழு மணி இருக்கும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்குப் பத்து நிமிடம்தான். வண்டியை என் வீட்டுப் பக்கம் திருப்பினேன். நனைந்திருக்கிறேன், காலையில் முதல் வேலையாகப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல சிஸ்டர். எனக்குப் பயம். நீங்கள் மண்வெட்டியை என் கையில் தருவீர்களோ, கல்லுக்கு அடியில் என்ன இருக்குமோ, எதுவுமே இல்லாமல் இருக்குமோ என்ற பயம். கூட நிற்கிறேன் என்று வாய் கிழியச் சொன்னவன் நான்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் வந்தேன். உங்கள் தெரு முனையிலேயே தெரிந்துவிட்டது. சுவர் இல்லை, சப்போட்டா இல்லை. மூலையில் செம்மண் சுவரோடு நீளமான ஒரு பள்ளம், அதில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். வேறோர் இடத்தில் வேலை தடைப்பட்டதால் வெள்ளிக்கிழமை மதியமே மெஷினை இங்கே கொண்டுவந்துவிட்டார்களாம். அது சூப்பர்வைசருக்கே தெரியாதாம்.

பக்கத்து வீட்டு அக்காள் வேலியோரம் நின்று எனக்குச் சொன்னாள்: “சிஸ்டரம்மா கல்லு கல்லுன்னு நின்னு கரஞ்சாவ. பாக்க முடியல்ல. அந்த டிரைவரு எறங்கி வந்து, அழாதிய அம்மா, ஒரு கீறல் விழாம எடுத்துத் தாரேன்னு சொல்லி, பையத் தூக்கி உள்ள வச்சுக் குடுத்தாரு. நல்ல மனுசன்.”

நீங்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் காலடியில் அந்தக் கல்.

“கல்ல பத்திரமா எடுத்துத் தந்திட்டாங்க மக்கா” என்றீர்கள்.

திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மண்ணை எங்கே கொண்டுபோனார்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். கால்வாய்ப் பாலத்துக்கு ஏறுகிற சாலையை உயர்த்துவதற்காக, இரண்டு லாரி மண்ணும் அங்கேதான் போயிருக்கிறது. ஆட்டோ பிடித்து உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். நாம் போய் இறங்கும்போது ரோலர் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஈர மண் அமுங்கி அமுங்கிப் பலகை போல ஆகிக்கொண்டிருந்தது. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்றீர்கள். பிறகு ஒரு பெயரைச் சொன்னீர்கள். கூப்பிடுகிற மாதிரி இருந்தது அது. ரோலர் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“பேரு வச்சிருந்தியளா?”

“நாலு நாளும் அப்பிடித்தான் விளிச்சேன். ஒன்ட்டதான் இப்பம் சொல்லுதேன். எங்கயும் எழுதிராத மக்கா.”

“என்னை மன்னிச்சிருங்க சிஸ்டர். முந்தாநாளே எனக்குத் தெரியும். வரல்ல.”

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னீர்கள். “நீ வந்திருந்தாலும் எனக்கு அந்தக் கல்லத் தூக்க முடிஞ்சிருக்குமோ என்னவோ.” அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா, உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, “ஆளு நடமாட்டம் உள்ள எடம்தான். தனியா கெடக்க மாட்டா” என்றீர்கள்.

அங்கே இப்போது தார் போட்டு வெள்ளைக் கோடும் வரைந்தாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போக எனக்கு வேறு வழியும் இல்லை. பாலத்தில் ஏறுகிற இடத்தில் கால் தானாகப் பிரேக்கில் போகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். மழை நாளில் டயருக்கு அடியில் சாலை கொஞ்சம் அமுங்குகிற மாதிரி தோன்றும். அமுங்காது. எனக்கு அது தெரியும்.

அடுத்த ஆவணிக்குள் நீங்களும் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு உங்கள் அண்ணன் மகன் துபாயிலிருந்து வந்திருந்தார். உங்கள் வாழ்க்கைக் குறிப்பை அவர்தான் கோயிலில் வாசித்தார். மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை, எத்தனையோ பேருடைய பிள்ளைகளைக் கையில் ஏந்திக் கொடுத்தவர் என்று வாசித்தார். எல்லாரும் தலையசைத்தார்கள். கடைசி வரிசையில் நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் என் முறை வந்தபோது, ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, குனிந்தபடியே அந்தப் பெயரை ஒருமுறை சொன்னேன். பக்கத்தில் நின்றவர் நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து ‘ஆமென்’ என்றார்.

அந்தப் பெயரை நான் எங்கும் எழுதவில்லை சிஸ்டர். இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. மனைவிக்கும் சொன்னதில்லை. மறந்துவிடக் கூடாதே என்று, தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். போன செவ்வாய்க்கிழமை வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லப் பார்த்தேன், வரவில்லை. முதலெழுத்துகூட வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு வந்தது. மூன்று தடவை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.