கோசோங்

என்னங்க,

ஃபோனில் பேசினால் வேறு பேச்சு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜுருவில் வேலைக்கு நீங்கள் தினமும் கடந்து போகிற ஆற்றுப் பாலத்தைத்தான் இந்த வாரம் சோதிக்கிறோம். நடுவில் இருப்பது பழைய பாலம். அகலப்படுத்தியபோது இரண்டு ஓரமும் புதிதாகச் சேர்த்தார்கள். சேர்த்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. மேலே தார் புதுசாகப் பளபளக்கிறது. கீழே நின்று சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். பழுதானது பொத்தென்று கேட்கும்.

அப்படிப் பொத்தென்று கேட்கும்போதெல்லாம், உள்ளே காலி என்று கூட வேலை செய்யும் குணாளன் மலாயில் கத்துகிறான்: "கோசோங், அக்கா! இங்கயும் கோசோங் லா!" நான் சாக்பீஸால் வட்டம் போடுகிறேன். எனக்கோ பாலும் சீனியும் இல்லாத உங்கள் தேநீர், அந்தத் தே ஓ கோசோங்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கடையில் நான் சொன்னால்தானே சீனி போடாமல் தருவார்கள்? இப்போது யார் சொல்கிறார்கள்? சரி, அதை விடுங்கள்.

நீங்கள் மோட்டாரை எப்போதும் இடது ஓரமாகத்தான் ஓட்டுவீர்கள். என் வட்டங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஓரத்தை உடனே மூடச் சொன்னேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார்கள் மேலதிகாரிகள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரை நெடுஞ்சாலையில் சுற்றிப் போங்கள். என் மேல் உள்ள கோபத்தில் அந்த வழியே போய்விடாதீர்கள்.

நான் தனியாக வந்து தங்கியிருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வர அந்தப் பாலம் தேவையில்லை. ஃபெர்ரிப் படகில் மோட்டாரையும் ஏற்றுகிறார்கள்.

இந்த வீட்டில் இன்னும் சீனி வாங்கி வைக்காத,
உங்கள் மனைவி